உன் முத்திரை விழுந்த பன்னிரண்டு சிலிண்டர்கள்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நலம். உன் நலத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரித்துவிட்டேன்.

கடலில் முக்குளிப்பவர்களுக்குக் காற்று நிரப்பும் நம் கடைக்கு, போன வாரம் உன் தொழிற்சாலையிலிருந்து பன்னிரண்டு சிலிண்டர்கள் வந்தன. ஒவ்வொன்றின் தோளிலும் உன் பரிசோதனை முத்திரை. உன் அத்தான் இருந்தவரை, வால்வு திருகி ஏறும் கழுத்து மரைக்குள் விளக்கும் கண்ணாடியும் விட்டுப் பார்க்காமல் ஒரு சிலிண்டரைத் தொட்டதில்லை. நான், தம்பி பார்த்ததை அக்கா பார்ப்பானேன் என்று பெருமையாக இருந்துவிட்டேன். முதல் சிலிண்டரில் வால்வைத் திருகும்போதே ஆடியிருக்கிறது. நம் ஃபிட்டர் பிளம்பராக இருந்தவர் அல்லவா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கி, காற்றையும் ஏற்றிவிட்டார். பாதி ஏறுவதற்குள் வால்வு பிடுங்கிக்கொண்டு கூரைத் தகட்டைத் துளைத்துப் போனது. சிலிண்டர் துள்ளி அவர் தோளெலும்பை முறித்தது. செருப்பைத் தேடிக் குனிந்திருந்ததால் தலை தப்பியது.

ஆஸ்பத்திரியில், "எதுக்குப்பா டேப் சுத்துனீங்க?" என்றேன். "சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேம்மா, சொட்டு கசியல" என்கிறார், பாராட்டை எதிர்பார்த்து. இடது காது கேட்கவில்லை. நான் திட்டியதில் பாதி வீண். அவர் மனைவி மட்டும் மெதுவாக, "உங்க தம்பி பாத்து அனுப்பினதுதானேம்மா?" என்றாள். அங்கிருந்து நேரே கடைக்கு வந்தேன்.

மற்ற பதினொன்றையும் பார்த்துவிட்டேன். ஐந்தில் மரை மழுங்கல், நான்கில் பாதியோடு நிற்கிறது, இரண்டில் கோணல். பார்த்துவிட்டு முத்திரை குத்தினாயா, பார்க்காமலா? எதை நான் விரும்ப வேண்டும் என்றே தெரியவில்லை. கான்வென்டில் ஒரு தையல் தப்பினால் சிஸ்டர் முழுவதையும் பிரிக்கச் சொல்வார். நீயும் பிரி. இதே மாதிரி எத்தனை எந்தக் கடைகளுக்குப் போயின என்று பார்த்து, யாராவது முதுகில் மாட்டுவதற்குள் திரும்ப வாங்கு. அதுவரை என் வீட்டுப் படி ஏறாதே.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு அன்பு. உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உன் மனைவி ஃபோன் செய்தாள். முத்திரை குத்த மாட்டேன் என்று சொன்னதற்காக உன்னை வேலையை விட்டு அனுப்பி இரண்டு மாதமாகிறதாம். முத்திரையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். "அக்காகிட்ட சொல்லாதேன்னார் அண்ணி. ரூமை விட்டே வர்றதில்ல, ஃபோனும் எடுக்கிறதில்ல" என்று அழுகிறாள். மேலே உன்னைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. சிலிண்டர்களைப் பற்றியதை அடிக்க முடியாது. அவற்றை வாங்கும் கடைகள் எவை என்பது உனக்குத்தான் தெரியும். தொழிற்சாலையிலிருந்து வேறு எவரும் அந்தக் கடைக்காரர்களுக்குச் சொல்லப் போவதில்லை. இதைக் கொண்டுவரும் டாக்ஸிக்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சட்டையை மாற்றிக்கொண்டு அதிலேயே ஏறி வா.