ஆற்றின் மேல் வெட்டிய பெயர்கள்

மதிப்பிற்குரிய ராஜசேகரன் மாமாவுக்கு,

செழியன் எழுதுவது. வணக்கம். நீங்களும் லீலாவதி அத்தையும் நலமா? கோபமாக இருக்கும்போதும் இதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் கடிதம்.

நான் வாங்கியது ஓவியம். பாத்திரம் அல்ல. தேய்த்து இழை வரவழைத்த அலுமினியத் தகட்டில் அச்சிட்ட ஓவியப் பிரதி. ஓர் ஆறு, ஒரு படகு. படகுக்கு மட்டும்தான் மை. ஆற்றுக்கு மை இல்லை. அங்கே தகடேதான் தெரியும். ஜன்னலைத் திறந்தால் நீர் அசையும். அந்த வெறுமைக்காகவே வாங்கினேன். பகலில் என் அறையில் ஆள் இல்லை என்று கூரியரைக் கிட்வாய் நகருக்கு, உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். "யாருக்குடா?" என்று கேட்டீர்கள். கூட வேலை செய்யும் அகல்யாவுக்கு, சனிக்கிழமை டெல்லியை விட்டுப் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நேற்று வந்து பார்த்தால் ஆற்றின் நடுவே 'இளஞ்செழியன் – அகல்யா'. புள்ளி புள்ளியாக. ஆழமாக. கரோல் பாக் பாத்திரக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதென்று தாளில் நீங்களே எழுதிக் கொடுத்து, பக்கத்தில் நின்று, "பையா, தோடா படா கரோ" என்று பெரிதாகவும் வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டால், "ஏன்டா, தட்டு குடுக்குறவன் பேரு வெட்டாமயா குடுப்பான்? யாரு குடுத்ததுன்னு நாளைக்கு எப்படித் தெரியும்? நடுவுல அவ்ளோ எடம் சும்மா கெடந்துச்சு" என்கிறீர்கள். அத்தை சமையலறையிலிருந்தே, "ரெண்டு பேரையும் சேத்து வெட்டச் சொன்னது நான்தான். நல்லாத்தானே இருக்கு?" என்கிறார்கள்.

மாமா, அவளிடம் நான் எதுவுமே சொன்னதில்லை. கேன்டீனில் பக்கத்தில் உட்காரவே யோசிப்பவன். படத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கலாம் என்றிருந்தேன். புரிந்தால் புரியட்டும். புரியாவிட்டால் அது ஒரு படம். அந்த இடைவெளியை மெஷின் வைத்து அடைத்துவிட்டீர்கள். இதைக் கொடுத்தால் கல்யாணச் சீர். கொடுக்காவிட்டால் வெறுங்கையோடு போய் டாடா காட்ட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துப் பார்த்தேன். பாதிப் படகு போயிற்று. பெயர் போகவில்லை.

இனி என் பொருள் எதையும் நீங்கள் தொடக் கூடாது. தீபாவளிக்கு வரமாட்டேன். அத்தையின் முட்டிவலித் தைலத்தை மட்டும் கூரியரில் அனுப்புகிறேன்.

வணக்கத்துடன், கோபம் குறையாமல்,
இளஞ்செழியன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் அகல்யா விடைபெற என் அறைக்கே வந்துவிட்டாள். தகட்டை ஒளிக்க நேரமில்லை. டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் பெயரைப் படித்தாள். பிறகு தன் பெயரை. பெயர்களுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாள். "எங்க வீட்டுப் பாத்திரத்துல எல்லாம் பேருக்குக் கீழ கல்யாணத் தேதி இருக்கும். இதுல ஏன் போடல?" என்றாள்.

மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.