மாப்பிள்ளை அனுப்பிய மானிட்டர்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் நலமா என்பதைக் கடைசியில் விசாரிக்கிறேன்; முதலில் மானிட்டர் விஷயத்தை முடித்துவிடுவோம். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன புதன்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பெருமூச்சு விட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் எவ்வளவு பெருமூச்சு விட்டாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் கடிதம்.

அந்த லேப்டாப் என் மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் வேண்டாம் என்று விட்டுவந்த பொருள்களில் அது ஒன்று, நான் ஒன்று. பதினோரு வருடமாக இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தோம். தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் பைப் ஃபிட்டராக இருந்தவன் நான். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; நானும் யாரையும் கேட்கவில்லை. அதில்தான் எங்கள் கட்டடத்தின் முப்பத்தாறு வீடுகளுக்கும் தண்ணீர் போகும் குழாய்களைப் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். கட்டியவன் கொடுத்த வரைபடம் எவரிடமும் இல்லை. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று இரண்டு வருடம் கைத்தடியால் தட்டி, சுவரில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு வரைந்தது. மாடியிலிருக்கும் கணக்கு டீச்சர் வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றதற்காக அவர் கணவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்படி உருவான படம் அது.

நாளை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதுக் குழாய் பதிக்கக் காண்டிராக்டர் சுவரை உடைக்கப் போகிறார். படம் இருந்தால் மெயின் குழாயைத் தொடாமல் உடைக்கலாம். படம் இல்லாவிட்டால் தண்ணீரை நிறுத்திவிட்டு ஏதோ மெஷின் கொண்டுவந்து சுவர் முழுக்கத் தேட வேண்டும், இரண்டு நாள் ஆகும். "என்னிடம் படம் இருக்கிறது" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். செயலாளர் கைகூடத் தட்டினார். அந்தக் கூட்டம் முடிந்து நாலாவது நாள்தான் லேப்டாப் திரையில் இடது ஓரமாக ஒரு பச்சைக் கோடு வந்தது.

கோடுதானே என்று விட்டேன். மறுநாள் கோட்டுக்கு இடது பக்கம் முழுக்க இருட்டு. சரி, வலது பக்கம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் வலது பக்கம் இழுத்து வைத்து வேலை பார்த்தேன். அப்புறம் அதுவும் மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிடித்தால்தான் தெரியும் என்றானது. உங்கள் அத்தை இரண்டு விரலால் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் பார்ப்பேன். மூன்றாம் நாள் தும்மிவிட்டாள். படம் போனது போனதுதான். நான் ஒன்றும் திட்டவில்லை மாப்பிள்ளை, "கொஞ்சம் அடக்கியிருக்கலாம்"னு மட்டும்தான் சொன்னேன். அதிலிருந்து அவள் மூடியையும் பிடிப்பதில்லை, என்னிடம் முகம் கொடுத்தும் பேசுவதில்லை. ஆடுகிற மூடிதானே காரணம், ஆடுகிற எதையும் இறுக்கினால் சரியாகும் என்று கீல் ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினேன். இப்போது மூடி ஆடுவதே இல்லை, மூடவும் மூடாது. சாப்பாட்டு மேசையில் முதலை மாதிரி வாயைத் திறந்தபடியே கிடக்கிறது. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, ஆன் ஆகும்போது வழக்கமாக வரும் மணியோசை வருகிறது, முகம் மட்டும் கறுப்பு. உயிர் இருக்குது, பேச்சு இருக்குது, பார்வை இல்ல, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் நீங்கள் "மாமா, என்கிட்ட ஒரு மானிட்டர் சும்மா கிடக்கு, அனுப்புறேன், ஒயரைச் சொருகினா படம் வந்துடும்" என்றீர்கள். சொருகினா வந்துடும். இந்த இரண்டு வார்த்தையை நீங்கள் சொன்னீர்களா இல்லையா? நான் குறித்து வைத்திருக்கிறேன். சொருகினேன். மானிட்டரில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. "சிக்னல் இல்லை" என்றது. அதையே சொல்லிக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தது. பிறகு தூங்கிவிட்டது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினால் விழித்துக்கொள்ளும், சிக்னல் இல்லை என்று சொல்லும், நடக்கும், தூங்கும். என் வேலைக் காலத்தில் இப்படி ஒரு ஆளை நான் மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை.

பிளக் லேசாக ஆடியது. இதற்கு மருந்து எனக்குத் தெரியாதா? குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து, பிளக்கைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினேன். முப்பத்தெட்டு வருடத்தில் நான் டேப் சுற்றிய இடத்தில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. மகளிடம் போனில் சொன்னேன்.

"அப்பா, அது கரண்ட்டுப்பா. தண்ணி இல்ல."

"எதுவா இருந்தா என்னம்மா, கசிஞ்சா கசிவுதானே?"

"அப்பா, அதுல கசியறதுக்கு ஒண்ணுமே இல்லப்பா!"

"அப்ப ஏன் படம் வரல?"

உங்களிடம் போனைக் கொடுத்தாள். நீங்கள் டேப்பைப் பிரிக்கச் சொன்னீர்கள், உங்கள் மரியாதைக்காகப் பிரித்தேன், உள்ளே சிக்கிய டேப் துணுக்குகளை ஊசி வைத்து ஒரு மணி நேரம் நோண்டி எடுத்தேன். மறுபடி சொருகினேன். சிக்னல் இல்லை. டேப்பினால்தான் வரவில்லை என்றால், டேப்பைப் பிரித்த பிறகு வந்திருக்க வேண்டுமல்லவா? வரவில்லை. ஆகவே டேப் குற்றவாளி இல்லை. இதை நீங்கள் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பெருமூச்சு விட்டு, "மாமா, விடுங்க, அடுத்த வாரம் வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்" என்றீர்கள்.

புதுசு எதற்கு மாப்பிள்ளை? கண் தெரியலன்னா ஆளையே மாத்திடுவீங்களா?

உங்கள் பேச்சைக் கேட்ட கோபத்தில் லேப்டாப்பை, திறந்த வாயோடு, ஒரு துணிப்பையில் போட்டு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பேருந்தில் எல்லோரும் பைக்குள் என்ன பிராணி என்று பார்த்தார்கள். கடைக்காரர் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு பெரியவரே இதை இறுக்கினது?"

"ஏன், நல்லா இறுகியிருக்கா?"

"கீல் முறிஞ்சிருக்கு. உள்ள ஓடுற ஸ்கிரீன் கேபிளும் நசுங்கியிருக்கு. இந்த மாடலுக்கு இப்ப பார்ட்டே வர்றதில்ல. வேணும்னா ஃபைல மட்டும் பென் டிரைவ்ல எடுத்துத் தர்றேன், அஞ்சு நிமிஷம்."

முப்பத்தாறு குடும்பத்துத் தண்ணீர் எங்கே திறக்கும், எங்கே அடையும் என்ற படம். முன்பின் தெரியாத ஒருவர் அதை அஞ்சு நிமிடத்தில் எடுத்துத் தருகிறாராம். எனக்கு ஒரு பிரதி எடுத்தால் அவருக்கு ஒரு பிரதி எடுக்க எவ்வளவு நேரம்? லேப்டாப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "மெயில்ல அனுப்பி வைப்பா" என்று என் மகள் இரண்டு வருடமாகச் சொன்னபோது நான் மறுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அவளிடம் இதை எடுத்துச் சொல்லவும். நான் சொன்னால் அழுகிறாள்.

இன்று காலை செயலாளர் வீடு தேடி வந்தார். மேசையில் வாய் பிளந்து கிடந்ததையும், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் மானிட்டரையும் பார்த்தார். "பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. படம் இல்லன்னா பரவாயில்ல. தண்ணிய நிறுத்திட்டு மெஷின வரவழைச்சிடறேன். எல்லார்கிட்டயும் ரெண்டு நாளைக்குப் பிடிச்சு வைக்கச் சொல்லிடலாம்" என்றார். பரவாயில்லையாம். என்னைப் பார்த்து ஒருவர் பரவாயில்லை என்று சொல்லும்படி ஆயிற்று. "படம் மெஷின்ல இருந்தா என்ன, மண்டையில இருந்தா என்ன? நாளைக்கு நானே வந்து நின்னு விரல் வச்சுக் காட்டறேன். யாரும் ஒரு குடம்கூடப் பிடிச்சு வைக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படியே செய்வேன். அந்தச் சுவர் எனக்கு என் உள்ளங்கை.

ஆகவே, மாப்பிள்ளை, உங்கள் மானிட்டரை எடுத்துப்போக ஏற்பாடு செய்யவும். குறை மானிட்டரில்தான், லேப்டாப்பிலோ டேப்பிலோ இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தர வேண்டும். புதுசு எதுவும் வாங்கி வரக் கூடாது. அந்த ஒரு வரி வரும்வரை நான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. உங்கள் அத்தை மிதிப்பாள். அவளை நான் தடுக்க முடியாது.

நீங்களும் என் மகளும் நலமா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒற்றுமையாக, குறைவில்லாமல், நீண்ட காலம் வாழ வேண்டும் என்று இந்த வருத்தத்துக்கு நடுவிலும் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இது திங்கட்கிழமை மதியம் எழுதுவது. காலையில் சரியாக ஒன்பது மணிக்குப் போய் நின்று விரல் வைத்துக் காட்டினேன். காண்டிராக்டர், "நிச்சயமாத்தானேங்க?" என்றார். "அடிங்க" என்றேன். அடித்தார். மெயின் குழாய். தண்ணீர் எதிர்ச்சுவர்வரை பாய்ந்தது. செயலாளர் முழுக்க நனைந்துவிட்டார், இருந்தாலும் மரியாதையாகவே பேசினார். முப்பத்தாறு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரும் பிடித்தும் வைக்கவில்லை. நாலு நாள் ஆகுமாம்.

கணக்கு டீச்சர் காலி வாளியோடு சண்டைக்கு வந்தார். உங்கள் மானிட்டர் சிக்னல் இல்லை என்று நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே அதன் முதுகில் கையை விட்டு ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். நான் ஒயர் சொருகிய துளையை விட்டுவிட்டு அது வேறொரு துளையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்ததாம். படம் வந்துவிட்டது. ஃபைலைத் திறந்தேன்: முழுக் குழாய்ப் படம், அந்தச் சுவர் உட்பட. நான் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில், "சென்ற வருடக் கசிவின்போது மெயின் குழாயை இங்கே மாற்றியது நான். இந்த இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று சிவப்பு எழுத்தில் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். டீச்சர் அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். உங்கள் அத்தை பல நாள் கழித்துச் சிரித்தாள்.

எனவே என் படம் முற்றிலும் சரி என்பது முப்பத்தாறு குடும்பத்தின் முன்னால் நிரூபணமாகிவிட்டது. மானிட்டர் இங்கேயே இருக்கட்டும். எழுதித் தரச் சொன்ன வரி வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடவில்லை; உங்கள் அத்தை, நாலு நாள் துணி, அழுக்குத் துணி ஒரு மூட்டை ஆகியவற்றோடு நானே கொண்டு வருகிறேன். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது நான் உங்கள் குளியலறையில் இருப்பேன். தயவுசெய்து கதவைத் தட்டிப் பெருமூச்சு விட வேண்டாம்.