தமயந்திக்கு ஒரு துணி அப்பா

நெய்வேலி,
14-2-1981

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் கருணாகரன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் வெள்ளைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குவார்ட்டர்ஸும் நலம். கோவில்பட்டியில் தாங்கள், அத்தை, மாமா, என் மனைவி சந்திரா, பெரியவள் தமயந்தி, கைக்குழந்தை எல்லோரும் சுகமாயிருக்க முருகன் துணையிருப்பானாக.

சந்திரா இரண்டாவது பிரசவத்துக்கு அங்கு வந்து எட்டு மாதமாகிறது. பொங்கலுக்கு நான் வந்தபோது நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வயது தமயந்தி என் மீசையைப் பார்த்து வீடு அதிர அலறி, ஓடிப்போய்த் தங்கள் காலைக் கட்டிக்கொண்டு, மீசை வைக்காத தங்கள் முகத்தைத் தடவி "அப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ரயிலில் விருத்தாசலம் வரும் வரைக்கும் எனக்குக் கண் மூட முடியவில்லை மச்சான். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது தங்கள் உரிமை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் குத்தி முடித்ததும் பிள்ளை அழுதுகொண்டு யாரிடம் தாவும்? அந்த ஒரு கேள்விதான் ஒரு மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

அதனால்தான் என்னைப் போலவே ஒரு பொம்மை செய்தேன். முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அவள் மீசைக்குப் பழகிவிடுவாள் அல்லவா? காலண்டர் தாளின் பின்பக்கம் முறைப்படி படம் வரைந்தேன். உயரம் முக்கால் அடி, உடை காக்கி, குணம்: சாது, சிரித்த முகம், காதைத் திருகினாலும் கோபப்படாதவன். என் பழைய யூனிபார்ம் பேண்டை வெட்டினேன். பஞ்சுக்கு எங்கே போவது என்று அலைந்து, கடைசியில் தாங்கள் சீராகக் கொடுத்த தலையணைகளில் ஒன்றை (மன்னிக்கவும், பூப்போட்டதை அல்ல, கோடு போட்டதை) பிரித்தேன். மின்விசிறி ஓடியதைக் கவனிக்கவில்லை. இன்றைக்கும் சாப்பிடும்போது ரசத்தில் பஞ்சு மிதக்கிறது.

பொம்மை எழுந்து உட்கார்ந்ததும் நான் எழுதிய குணம் ஒன்றும் அதனிடம் இல்லை. கண்ணுக்கு வைத்த பட்டன் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, அதனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறது. எங்கள் பிளாக்கைப் பெருக்க வரும் சாமியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, எங்க மேஸ்திரியாட்டம் மொறைச்சிக்கினு இருக்குது? புள்ள பயந்துக்கப் போவுது, கண்ண மாத்துங்க" என்றாள். கண்ணை மாற்றினேன். உடனே கழுத்து தொய்ந்துவிட்டது. நிமிர்த்தி வைத்தால் மெல்ல மெல்லச் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுக் குஞ்சிதபாதம் வந்து பார்த்து, "நைட் ஷிப்ட் முடிச்சி கம்பெனி பஸ்ல தூங்கிக்கினு வருவீங்களே, அப்புடியே இருக்குதுங்க. உங்களையே உரிச்சி வச்சிருக்குது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு யோசித்தால், அதற்குத்தானே இவ்வளவு பாடு! கழுத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

மீசைதான் என்னை அழவைத்தது மச்சான். தேங்காய் நார் வைத்தேன், துடைப்பத்தைக் கவ்விக்கொண்ட மாதிரி இருந்தது. கறுப்பு நூலில் தைத்தேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆகிவிட்டது. ஷூ பிரஷ்ஷிலிருந்து பிடுங்கி ஒட்டினேன், குழந்தை கன்னத்தில் குத்துமே என்று நானே பிய்த்துப் போட்டேன். நேற்று ராத்திரிதான் அசல் மீசை ஒன்று கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று இப்போது கேட்காதீர்கள். ஒட்டி முடித்ததும், சத்தியமாய்ச் சொல்கிறேன், நானே என்னைப் பார்த்து வணக்கம் வைக்கப் போனேன். இதை எழுதும்போதும் அது கவிழ்ந்துவிட்டதா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் இன்று கோவில்பட்டி வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் தமயந்தி பக்கத்தில் அதை உட்கார வையுங்கள். "இதுதான் அப்பா, மைன்ஸில் வேலை பார்க்கிறார், மீசை கடிக்காது" என்று சொல்லி மீசையைத் தொடச் செய்யுங்கள். தாங்கள் மட்டும் அந்த நேரத்தில் எதிரே வராமலிருந்தால் நல்லது, தவறாக நினைக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். சந்திராவைக் கஷாயம் தவறாமல் குடிக்கச் சொல்லவும். பிள்ளைகள் இருவருக்கும், அழாமலிருந்தால், என் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: பார்சலை வாங்க இப்போதுதான் பன்னீர்செல்வம் வந்தார். பதினோரு வருஷமாக ஒரே ஷிப்டில் இருக்கிறவர், கதவைத் திறந்த என்னையே பார்த்து, "வெள்ளைச்சாமி இல்லீங்களா? நீங்க அவருக்கு என்ன உறவுங்க?" என்றார். பொம்மைக்கு ஒட்டியது என் சொந்த மீசை மச்சான். நன்றாக அமைய வேண்டும் என்ற பரபரப்பில் முழுதாக எடுத்துவிட்டேன், பன்னிரண்டாம் தேதிக்குள் பாதிகூட வளராது. ஆகவே தயவுசெய்து பொம்மையைப் பிள்ளை கண்ணில் காட்டாமல் பரண்மேல் போட்டுவிடுங்கள். மீசை இல்லாதவர்தான் அப்பா என்று அவள் நினைத்திருந்தது அப்படியே இருக்கட்டும். தாங்கள் மட்டும் இன்றிலிருந்து ஷேவ் செய்யாமல் இருக்க முடியுமா?