காட்டன் கிரீனில் நான் நடத்திய படையெடுப்பு

கூச்ச சுபாவம் உள்ளவன் நல்லவன் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது ரொம்ப வசதி. பேசத் தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், ‘தங்கமான மனுஷன்’ என்று சொல்லிவிடுவார்கள். நானும் நாற்பத்தெட்டு வயது வரை அப்படித்தான் தங்கமாக இருந்தேன். பிறகு ஒரு புதன்கிழமை காலை, ஓடுகிற பம்பாய் ஹார்பர் லைன் ரயிலில், என்னை நம்பிய ஒரு பெரியவரின் ஊரைப் பிடித்தேன்.

(பதற வேண்டாம். ஊர் டேப்லெட்டுக்குள் இருந்தது.)

நான் கோவண்டியில் ஏறி மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்குகிறவன். அங்கே நோட்டுப் புத்தக மொத்தக் கடை ஒன்றில் பார்சல் கட்டும் வேலை. பதினோரு வருடம் கதவோரம் நின்றுகொண்டே போனேன். அந்தப் பதினோரு வருடத்தில் யாருடைய அக்குளுக்குக் கீழே நிற்கிறேன் என்பது மட்டும்தான் மாறியது. ரயிலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சீட்டாடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். அவர்களோடு போய்ச் சேர ஒரு வார்த்தை பேச வேண்டும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

ஒரு நாள் என் மனைவியோடு போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்ததை ஜன்னலோரம் இருந்த ஒருவர் கேட்டுவிட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“கோவண்டி.”

“அதான் ஏறும்போதே பாத்தனே. நம்ம பக்கம் எந்த ஊருன்னு கேட்டேன்டே.”

சொன்னேன். “அப்ப இங்க வந்து உக்காரு” என்று தள்ளி உட்கார்ந்தார். அவர்தான் அண்ணாச்சி. மஸ்ஜித்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ரயில் கிளம்பும் வாஷியிலேயே ஏறிவிடுவார். கூட ஏறுகிறவன் செல்வின், கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரன். மறுநாளிலிருந்து அண்ணாச்சி தன் துண்டை நடுவில் விரித்து எனக்கு இடம் போட்டுக்கொண்டு வந்தார். யாராவது உட்காரப் போனால், “ஆத்மி ஹை, ஆள் இருக்கு, கோவண்டியில ஏறுவான்” என்று இரண்டு மொழியிலும் தடுப்பார். பம்பாயில் எனக்கென்று ஒரு இடம் கிடைத்தது அப்போதுதான். எங்கள் வீடுகூட வாடகைதான்.

எங்கள் மூவருக்கும் பொழுதுபோக்கு செல்வினின் டேப்லெட். ஊர் கட்டி ஆளுகிற விளையாட்டு. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு சிப்பாயோடு தொடங்கும். ஒருவர் தன் முறைக்கு நிலத்தை உழலாம், கிணறு வெட்டலாம், படை சேர்க்கலாம், நகர்த்தலாம். முடித்ததும் பொத்தானை அமுக்கி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அவசரமே கிடையாது. கூச்சக்காரனுக்கென்றே செய்த விளையாட்டு. யார் முதலில் கட்டிய தன் ஊரைப் பறிகொடுக்கிறாரோ, வேறு ஊர் பிடித்திருந்தாலும் அவர் ஆட்டத்தைவிட்டு வெளியே. அது எங்கள் விதி. மஸ்ஜித் வருவதற்குள் ஏழெட்டுச் சுற்று ஓடும். ஓர் ஆட்டம் முடிய ஒரு மாதம் ஆகும்.

மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் நான் கடைசி.

“அண்ணே, மூணாவதா வர்றதுல நீங்கதான் நம்பர் ஒன்” என்றான் செல்வின்.

சிரித்தேன். கூச்சக்காரன் எதற்கும் சிரிப்பான். உள்ளே எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு பையன் ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தான். கோயில் வேண்டாம், கிணறு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். முதல் சுற்றிலிருந்து படை மட்டும் சேர். மற்றவர்கள் சுவர் எழுப்புவதற்குள் போய் அடி. நாற்பது சுற்றில் உலகமே உன்னுடையது என்றான். (பள்ளிக்கூடம் வேண்டாம் என்றது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நான் பத்தாவதோடு நிறுத்தியவன்.)

புது ஆட்டம் வியாழக்கிழமை தொடங்கியது. என் ஊருக்குப் பக்கத்திலேயே அண்ணாச்சியின் ஊர் அமைந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

“நீ பக்கத்து ஊருல்லா? அப்ப எனக்குப் பயமில்ல. நமக்குள்ள என்னடே சண்டை?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் படையே சேர்க்கவில்லை. ஆற்றங்கரையில் வயல் போட்டார். கிணறு வெட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “நெல்லு எப்படி நிக்கி பாத்தியா!” என்று எங்களிடம் காட்டினார். திங்கட்கிழமை என் சிப்பாய்கள் ஆறு பேர் அந்த நெல்லுக்குள் நின்றார்கள்.

“ஏ தம்பி, உன் ஆளுக எதுக்கு என் வயக்காட்டுல நிக்கானுவ?”

“காவலுக்கு அண்ணாச்சி. செல்வின் வந்துட்டான்னா?”

கூச்சக்காரன் பொய் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தலை குனிந்திருக்கும், குரல் மெலிந்திருக்கும். அது எங்கள் வழக்கமான நிலைமை. அண்ணாச்சி நெகிழ்ந்துபோய், பையிலிருந்து தட்டையை எடுத்துக் கொடுத்தார். “வீட்டுல சுட்டது. தின்னு.”

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை. வடாலா தாண்டும்போது என் படை பத்துப் பேர். ஊரில் ஓர் ஆளைக்கூட விடாமல் எல்லாரையும் கூட்டிவந்திருந்தேன். (வீடியோப் பையன் ஊரில் ஆள் வைக்கச் சொல்லியிருப்பான். நான் பாதியில் மளிகைக் கடைக்குப் போய்விட்டேன்.) காட்டன் கிரீன் ஸ்டேஷனில் என் முறை வந்தது. அமுக்கினேன். திரையில் முரசு அடித்தது. வயலும் கிணறுகளும் என் நிறத்துக்கு மாறின. அண்ணாச்சியின் ஊரில் என் கொடி.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல ஆசைதான். நாற்பத்தெட்டு வருடமாக வெளியே வராத சத்தம் ஒரே தவணையில் வந்தது.

“பிடிச்சிட்டேன்! ஊரைப் பிடிச்சிட்டேன்!”

கத்தியது மட்டுமல்ல, எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின் வரிசையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். அத்தனை கண்களையும் பார்த்ததும் உயிர் போய்விட்டது. உடனே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது ஒருவர் மடியில். எதிரே பெரிய பையோடு நின்றுகொண்டிருந்த ஆள், நான் எழுந்த இடைவெளியில் என் இடத்தில் அமர்ந்துவிட்டார்.

“உட் கயா தோ கயா, பாய்” என்றார் அமைதியாக. எழுந்தால் போச்சு. இந்த ரயிலின் சட்டம் அது.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வழக்கமாக அவர்தான் “ஆத்மி ஹை” என்று தடுப்பார். அன்று தடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் டேப்லெட் செல்வின் கைக்குப் போயிருந்தது.

“அண்ணே, உங்க ஊர்ல காவலுக்கு ஆளே இல்லியே?”

“இரு செல்வின்...”

“அரே, ஒருத்தன்கூட இல்ல! என் குதிரக்காரன் சும்மா வழி தேடிட்டு வந்தான்ணே. கதவு தொறந்து கிடக்கு!”

முரசு மறுபடியும் அடித்தது. ஒரு மாதம் ஓட வேண்டிய ஆட்டம், ஆறாவது நாளில், அடுத்த ஸ்டேஷன் ரே ரோடு வருவதற்குள் முடிந்தது. அண்ணாச்சிக்கு ஊர் இல்லை. எனக்கு ஊரும் இல்லை, உட்கார இடமும் இல்லை.

“அந்தத் தட்டை நல்லா இருந்துச்சாடே?” என்று மட்டும் கேட்டார் அண்ணாச்சி. பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மஸ்ஜித்தில் இறங்கும்போதும் திரும்பவில்லை.

மறுநாள் நான் வேறு பெட்டியில் ஏறினேன். பழைய கதவோரம், புதிய அக்குள். வெள்ளி, சனியும் அப்படியே. கசங்கின சட்டையைப் பார்த்து என் மனைவி சாந்தா கேட்டாள்.

“ஏங்க, உங்களுக்குத்தான் சீட்டு உண்டே. என்ன ஆச்சு?”

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குக்கர் விசிலை எண்ண மறந்துவிட்டாள்.

“பெரிய ராசா! போயி ‘தப்புதான் அண்ணாச்சி’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முழுங்கிருவாரா?”

“பேச வரலைன்னா?”

“ஊரைப் பிடிச்சன்னைக்கு வந்துச்சில்ல?”

திங்கட்கிழமை பழைய பெட்டியில் ஏறினேன். ‘தப்புதான் அண்ணாச்சி’ என்று கோவண்டி பிளாட்பாரத்தில் முப்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். உள்ளே கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், ஜன்னலோரம் அண்ணாச்சி, ஓரத்தில் செல்வின், நடுவில் விரித்த துண்டு. முப்பது தடவை சொன்னதும் மறந்துபோயிற்று.

“உக்காரு, ஏன் நிக்க?” என்றார் அண்ணாச்சி. “மூணு நாளா உன் எடத்துல இந்தத் துண்டு மஸ்ஜித் வரைக்கும் உக்காந்து வந்திருக்கு. எத்தன பேருகிட்ட ஏச்சு வாங்கினேன் தெரியுமா? அந்தப் பெரிய பைக்காரன் என்னை அடிக்கவே வந்துட்டான்.”

“அண்ணாச்சி... அன்னைக்கு...”

“அது வெளையாட்டு. இது சீட்டு. ரெண்டையும் ஒண்ணாக்குவாங்களாடே?”

தட்டை கொடுத்தார். அதனால் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. மஸ்ஜித்தில் இறங்க நான் எழுந்தாலே, “அண்ணே, ஊர்ல காவலுக்கு ஆள் வச்சிட்டீங்களா?” என்று செல்வின் கேட்காமல் விடுவதில்லை. வீட்டில் தண்ணீர் குடிக்க நாற்காலியைவிட்டு எழுந்தால், சாந்தா வந்து உட்கார்ந்துகொண்டு, “ஊர் போச்சு” என்பாள். போன மாதம் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் கை அலம்ப எழுந்தபோது, என்னையறியாமல் நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டுப் போனேன். சம்பந்தி வீட்டார் பார்த்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்கும் கதை தெரியும்.

ஆட்டமும் தொடர்கிறது. நான் மறுபடியும் மூன்றாவதாக வருகிறேன். அண்ணாச்சி இன்றுவரை ஒரு சிப்பாய்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு புது ஆட்டத்திலும், முதல் கிணறு வெட்டுவதற்கு முன்னால், தன் ஊருக்கு ஒரு சுவர் எழுப்புகிறார். செல்வின் பக்கம் திறந்தே கிடக்கும். என் ஊரைப் பார்த்த பக்கத்தில் மட்டும்தான் சுவர்.

“தப்பா நெனைக்காதடே” என்பார், தட்டையை நீட்டிக்கொண்டே. “நீ தங்கமான பய. சுவரு சும்மா ஒரு அழகுக்கு.”