பதினோரு ஜோடிக் கால்கள்

யார் காலிலும் விழாதவன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. என் கல்யாணத்திலேயே மாமனார் முன்னால் பாதிதான் குனிந்தேன்; மீதிப் பாதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தப்பித்தேன். (அவர் இன்றுவரை நம்பவில்லை.) அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அரைமணி நேரத்துக்குள், பதினோரு பேர் காலில் விழுந்தேன். அதில் ஒருவன் என் மச்சினன். எல்லாம் ஒரு ஜோடி ஷூவுக்காக.

மாரண்டஹள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து விளையாட்டுச் சாமான்கள் சேர்க்கிறேன். அது எதுக்கு என்று என் மனைவி செல்வி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஃபைனல் மேட்சில் கிழிந்த வாலிபால் நெட், நம்பர் பாதி உரிந்துபோன கபடி பனியன், கிணறு தூர் வாரும்போது கிடைத்த கிரிக்கெட் பந்து, ரெஃபரி ஒருவர் கோபத்தில் கடித்தே உடைத்த விசில் என்று எங்கள் வீட்டு முன்னறை நிரம்பிக் கிடந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் சமையலறையில்தான் உட்கார வேண்டும். வந்தவர்களும் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். (அது ஒரு நன்மை.)

எல்லாவற்றிலும் உச்சம், பொம்மிடி மாணிக்கம் அண்ணனின் கேன்வாஸ் ஷூ. அவர் அந்தக் காலத்தில் மாநில அளவில் ஓடிய மனிதர். நான் மூன்று வருடம் பொம்மிடிக்கு நடையாய் நடந்ததில், தொல்லை தாங்காமல் அவரே தூக்கிக் கொடுத்தது. கயிறு மக்கி உதிர்ந்துபோயிருந்தது. ஷூ மட்டும் ராஜா மாதிரி இருந்தது.

இதையெல்லாம் ஒரு மியூசியமாக வைக்க வேண்டும் என்பது என் கனவு. எங்கள் ஊரில் பழைய பால் சொசைட்டி ரூம் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"மொதல்ல உங்க வூட்டுலயே ஒரு நாளு வெச்சுக் காட்டுங்க. நல்லா இருந்துச்சுன்னா ரூமப் பத்திப் பேசலாம்" என்றார்.

செல்வியும் ஒரு தீர்ப்புச் சொன்னாள். "ரூம் கெடச்சாச் சரி. கெடைக்கலீன்னா திங்கக்கெழம பழைய இரும்புக்காரரக் கூப்புட்டு நானே எட போட்டுக் குடுத்துடுவேன்." செல்வி சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை.

அந்த ஞாயிறும் வந்தது. வாசலில் சாமியானா, மைக் செட், உப்புமா, காபி. திறந்து வைக்க மாணிக்கம் அண்ணன். பேக்கரியிலிருந்து வாங்கிய பழைய கண்ணாடிப் பெட்டியில் ஷூவை வைத்து, கடைசியில் எல்லோரும் பார்க்கத் திறக்கலாம் என்று மேலே ஒரு பட்டுத் துண்டைப் போட்டு மூடிவிட்டு, அண்ணனை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விதி அந்த இடைவெளியில்தான் உள்ளே நுழைந்தது.

குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. ரிப்பன் வெட்டியாயிற்று. மாணிக்கம் அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறனுங்க, காபி நமக்கு ஒத்துக்காது" என்று வெளியே போனார். அதற்குள் தலைவருக்கு அவசரம். "பாலக்கோட்டுல ஒரு கல்யாணங்க. மிச்சத்தக் காட்டிடுங்க" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ, நம்ம மாவட்டத்தோட பெருமை!" என்று துண்டை உருவினேன்.

பெட்டி காலி.

நான் வாயைத் திறந்தேன். அதுவாகவே ஏதோ பேசியது. "இது... இனிமே வரப்போற சாம்பியனுக்காகக் காலியா வெச்சிருக்கிற பெட்டிங்க." தலைவர் கண்கள் விரியக் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. நான் நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"ஷூ எங்கடி?"

"வெளக்கேத்துற எடத்துல யாராச்சும் செருப்ப வெப்பாங்களா? வாசல்ல வுட்டிருக்கேன், போயிப் பாருங்க."

வாசலில் ஊக்கு குத்திய ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது. முன்னறையைப் பார்த்து முடித்தவர்களெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு சாமியானாவில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரோ என் ஷூவை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. எதிர்க்கடையில் ஷூவின் சொந்தக்காரர், பக்கத்தில் கல்யாண அவசரத்தையும் மறந்து உப்புமாவில் இறங்கிவிட்ட தலைவர். பார்க்கலாம் என்றால் ஆண்கள் கால்களை வேட்டி மறைக்கிறது, பெண்கள் கால்களைச் சேலை மறைக்கிறது. குனிந்தால்தான் உண்டு.

முதலில் ஒரு பெரியவர் முன்னால் குனிந்தேன். டயர் செருப்பு. நிமிர்வதற்குள் தலையில் கை வந்துவிட்டது. "நல்லா இருப்பா, நல்லா இரு." அடுத்த நாற்காலியில் கன்னடம் பேசுகிற பக்கத்து வீட்டு அம்மா. "சென்னாகிரப்பா" என்று கன்னடத்தில் வாழ்த்தி, உப்புமாக் கையாலேயே தலையைத் தடவினார். மூன்றாவது ஆள் பதினாறும் பெற வேண்டும் என்றார். (எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.) மச்சினன் முன்னால் குனிந்தபோது அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டான். "மாமா! இன்னா மாமா இது, நான் சின்னவன்!" சின்னவனாவது பெரியவனாவது, காலைக் காட்டுடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நகர்ந்தேன். மாமனார் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார். அன்று முழுசாகத்தான் குனிந்தேன்.

பத்தாவது ஆள் தலைவர். அவர் வேட்டி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. நன்றாகக் குனிந்து ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். கறுப்புத் தோல் செருப்பு.

"ஐயோ, எழுந்திருங்க, எழுந்திருங்க!" தலைவர் பதறிவிட்டார். "ஒரு ரூமுக்காகப் போயி இத்தன பேரு முன்னாடி கால்ல வுழுவறதா? எம்மனசே ஆறலீங்க." அப்படியே மைக்கைப் பிடுங்கி, பால் சொசைட்டி ரூமை மியூசியத்துக்கே தரப்போவதாக அறிவித்துவிட்டார்.

கூட்டம் விசிலடித்தது. நான் இன்னும் தரையில்தான் இருந்தேன். அதனால்தான் தெருவைத் தாண்டி வந்த ஷூவை மற்றவர்களுக்கு முன்னால் நான் பார்த்தேன். கேன்வாஸ் ஷூ. கயிறு இல்லை. மேலே நிமிர்ந்து பார்த்தால் மாணிக்கம் அண்ணன்.

"அண்ணா... இந்த ஷூ..."

அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "கால் பாட்டுக்கு நொழஞ்சிருச்சுங்க. டீக்கடைக்குப் போனப்பறந்தான் கவனிச்சேன். நம்முளுதுதானுங்களே?"

நம்முளுதுதான். வரும்போது பஸ் படியில் என் தோளைப் பிடித்து இறங்கிய மனிதர், இப்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்திருந்தார். அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. பதினோராவதாக அவர் காலில் விழுந்தேன். அது ஒன்றுதான் நிஜமாக விழுந்தது.

ஷூவோடேயே அவர் பொம்மிடிக்குப் போனார். மியூசியத்தில், அதே கண்ணாடிப் பெட்டியில், ஊக்கு குத்திய அந்த ரப்பர் செருப்பு இருக்கிறது. 'மாநில ஓட்ட வீரர் மாணிக்கம் அணிந்தது' என்று நானே ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். பொய் இல்லையே.

எங்கள் வீட்டில் அன்று முதல் யாரிடமாவது காரியம் ஆக வேண்டுமென்றால் 'செருப்பப் பாத்துட்டு வா' என்றுதான் சொல்வார்கள். போன வாரம் கல்லூரி டூருக்கு ஊட்டி போகக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் நிதானமாக என் முன்னால் வந்து குனிந்து, என் வேட்டி ஓரத்தை விலக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடற?"

"ஒண்ணுமில்லப்பா, ஒரு ஷூவக் காணோம்."

செவ்வாய்க்கிழமை ஊட்டிக்குக் கிளம்புகிறாள்.