மூடுபனியில் சம்பந்தியம்மாளின் இடது கை

அன்பும் மரியாதையும் மிக்க நெஸ்டா அக்காவுக்கு, தம்பி இட்வல் எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். என் வீட்டுக்காரி ஓல்வென் மூன்று நாளாக என்னோடு பேசாததால் அவள் நலத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. லிவர்பூலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் இருமல் நின்றிருந்தால் நல்லது. நிற்காவிட்டாலும் நீ அவரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் நம் பிள்ளை இயெஸ்டினின் கல்யாணம் அநேகமாக நடக்காது, ஆகவே நீ ரயிலுக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. காரணத்தைப் போனில் சொல்லியிருப்பேன். ஓல்வென் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் கார்டிஃபிலிருந்து முதல்முறையாக வந்தார்கள். சம்பந்தி ட்ரெவர் ப்ராஸர் நல்ல மனிதர்தான், வாய்தான் ஓயாது. சம்பந்தியம்மாள் மாவிஸ் அதற்கு நேர்மாறு. வந்து உட்கார்ந்ததும் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள், பின்பக்கம் காட்டைப் பார்த்தாள், "இங்க மனுஷங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அவளுடைய ஒரே மகள் கல்யாணத்துக்குப் பிறகு நம் ஊர் போர்த் கெல்லியில் குடியிருக்கப் போகிறாள் என்பது அவள் தொண்டையில் சிக்கிய முள். ஓல்வென் ஆட்டுக்கறி வறுவலை வைத்தாள், பழ ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள், ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் பாதிரியாரைப் பார்க்கச் சிற்றாலயத்துக்குப் போய்விட்டார்கள். ஊரின் அழகைக் காட்டினால் அவள் மனம் இளகும் என்று எனக்குத் தோன்றியது. சுற்றுலா அலுவலகத்தில் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை எடுத்து, 'கடலோரமாய்ப் போய்க் காட்டு வழியே திரும்பும் சுலபமான பாதை, குடும்பத்தோடு நடக்க ஏற்றது, கைக்குழந்தை வண்டியையும் தள்ளிச் செல்லலாம்' என்று உரக்கப் படித்தேன். நாங்கள் நால்வரும் கிளம்பினோம்.

ஆரம்பம் அருமையாகவே இருந்தது அக்கா. மேட்டில் மஞ்சள் முட்பூ கொள்ளையாகப் பூத்திருந்தது. கீழே பாறையில் ஒரு கடல்நாய் படுத்து ட்ரெவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ட்ரெவர் தன் புது வெள்ளைச் சப்பாத்தோடு மாட்டுச் சாணத்தில் இறங்கினார், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார், "கிராமம் என்னை வரவேற்குது!" என்று. மாவிஸ்கூட உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் கடலிலிருந்து பனி ஏறியது. நீ இங்கே வளர்ந்தவள், உனக்குத் தெரியும், அது வருவதைப் பார்க்க முடியாது, வந்துவிட்டதைத்தான் பார்க்க முடியும். கடல்நாயைக் காணோம், கடலைக் காணோம், கொஞ்ச நேரத்தில் என் சப்பாத்தையும் காணோம்.

நான் பதறவில்லை. முப்பது வருஷம் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் பதறலாமா? "எல்லாரும் கையைப் பிடிச்சுக்குங்க, நான் முன்னாடி போறேன்," என்றேன். என் கையை ஓல்வென் பிடித்தாள், அவள் கையை ட்ரெவர், அவர் கையை மாவிஸ். அவளோடு வரிசை முடிந்தது. தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தேன். ட்ரெவர் தன் பழைய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று ஒரு இழுப்பு! பின்னாலிருந்து, வரிசை முழுவதையும் சேர்த்து. மாணவன் பராக்குப் பார்க்கும்போது என் பக்கத்து பிரேக்கை நான் மிதிப்பேனே, அப்படி. ட்ரெவர் ஓல்வென் மேல் சாய்ந்தார், ஓல்வென் என் மேல் விழுந்தாள், நான் தடியோடு உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு இழுத்தது?" என்று கத்தினேன்.

"நான் இல்லங்க, சம்பந்திதான்," என்றாள் ஓல்வென்.

"நான் எங்க இழுத்தேன்? மாவிஸ், நீயா?"

"என்னைத்தான் இழுத்தாங்க," என்றாள் மாவிஸ், குரலை உயர்த்தாமல்.

நான் கோபத்தில் தடியை முன்னால் ஊன்றினேன். ஊன்ற இடம் இல்லை. ஒரு மண்கட்டி பெயர்ந்து போனது. அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. என் கால்களுக்கு நேர் கீழே அலை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாரிக்காலத்தில் பாதை சரிந்திருக்கிறது, புத்தகத்துக்கு அது தெரியவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் நால்வரும் கைகோத்தபடியே போயிருப்போம்.

நான் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன். ட்ரெவரே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள். அப்போது மாவிஸ் சொன்னாள், "இந்தப் பக்கம் வரணுமாம். என் பின்னாடி வாங்க."

"யாரு சொல்றா?" என்றார் ட்ரெவர்.

"என் இந்தக் கையைப் பிடிச்சிருக்கிறது யாரோ, அவங்க."

"மாவிஸ், நீதாம்மா கடைசி. உனக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல."

"எனக்கும் தெரியும்," என்றாள் அவள். "சின்னக் கை. ஐஸ் மாதிரி இருக்கு. எனக்கு மேல பயந்திருக்கு பாவம், நகம் பதியப் பிடிச்சிருக்கு. பேசாம வாங்க."

வேறு என்ன செய்ய? வால் தலையானது, நான் வாலானேன். சொன்னால் சிரிப்பாய், நடந்த நேரமெல்லாம் என் வெறுங்கையைக் கோட்டுப் பைக்குள் திணித்து, உள்ளே முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டே வந்தேன். காட்டு எல்லையில் அந்த இரும்புக் கதவு உனக்கு நினைவிருக்கும், மாடு நுழையாமல் ஆள் மட்டும் ஒவ்வொருவராய் நுழைகிற கதவு. அது 'டங்' என்று ஒருமுறை இடித்தது. அதற்கப்புறம்தான் மாவிஸ், "இப்ப நான் போறேன்," என்றாள். மறுபடியும் டங். பிறகு ட்ரெவர், ஓல்வென், நான்.

காட்டுக்குள் பனி மெலிந்தது. காட்டுப் பூண்டு வாசனை, நீலமணிப் பூக்கள், ஆனால் ஒரு பறவைச் சத்தம் இல்லை. மாவிஸை முழுசாகப் பார்த்தேன். இடது கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, விரல்களை மடக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாக நடந்துகொண்டிருந்தாள், சின்ன நடைக்கு ஈடு கொடுக்கிறவர்கள் நடப்பார்களே, அப்படி. கைக்குள் ஒன்றும் இல்லை. "விட்டுடு மாவிஸ்," என்றார் ட்ரெவர், அழுகிற குரலில். "நான் பிடிக்கலைங்க, அதுதான் பிடிச்சிருக்கு. வேர் இருக்கு, பாத்து வா," என்றாள். கடைசி வார்த்தை ட்ரெவருக்கு இல்லை. ஓடைப் பாலத்தில் நின்றாள், குனிந்தாள், "சரி, இனிமே நீயே போயிடுவே," என்றாள். விரல்கள் தாமாகவே விரிந்தன. பார்த்தேன் அக்கா. வலது கை சாதாரணமாக இருந்தது. இடது கை மட்டும் வெளுத்துச் சுருங்கி, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறின கை மாதிரி.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேநீர் குடித்தார்கள். ட்ரெவர் காரில் ஏறி, "கல்யாணத்தைப் பத்தி யோசிச்சுச் சொல்றோம்," என்றார். மாவிஸ் திரும்பி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயெஸ்டின் அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? உன் மாமியாரை மலை விளிம்பில் நிறுத்தினேன் என்றா?

இதற்கெல்லாம் விளக்கம் இருக்கிறது. குளிரில் ரத்த ஓட்டம் குறைந்தால் கை மரத்துப்போகும், மரத்த கையை வேறு யாரோ பிடித்த மாதிரி இருக்கும். இழுத்ததும் அவளேதான், தெரியாமல் இழுத்திருப்பாள். கதவு காற்றில் ஆடியிருக்கும். இதை ஓல்வெனிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அன்னிக்குக் காத்து அடிச்சுதாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

ஆகவே நடந்தது நடந்துபோயிற்று. நீ வர வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம், நாங்களும் இனி அந்தப் பக்கம் கால் வைக்கப்போவதில்லை. அத்தானுக்கு என் வணக்கம். வாழ்க்கையில் உன் கால் பதிகிற இடமெல்லாம் தரை இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி,
இட்வல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் போன் வந்தது. மாவிஸ். என்னைக் கேட்கவில்லை, ஓல்வெனைக் கேட்டாள். கல்யாணம் நிச்சயமாக உண்டாம், நம் சிற்றாலயத்திலேயே. அதோடு கார்டிஃப் வீட்டை விற்றுவிட்டு, ஓடைப் பாலத்தை அடுத்துக் காலியாகக் கிடக்கும் வீட்டை வாங்கப்போகிறார்களாம். பனி ஏறுகிற நாளில் யாராவது ஒருத்தர் அங்கே இருக்க வேண்டும் என்கிறாளாம். ட்ரெவரும் சரி என்றுவிட்டாராம். நீ உடனே ரயிலுக்குப் பதிவு செய். விருந்து மேசையில் தன் இடது பக்கத்தில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம், ஒரு நாற்காலி மட்டும் போட்டால் போதும் என்று மாவிஸ் கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், எல்லாம் காதில் விழுந்தது. ஓல்வென் ஒரு ஆச்சரியமும் காட்டாமல், "சரிங்க, போட்டுடலாம்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மேசை எட்டுமா அதுக்கு? மெத்தை ஏதாவது வைக்கணுமா?" என்று கேட்டாள்.