‘எழுதி வச்சுக்க’ ஓஸ்மார்

தேர்தல் ஆரூடக்காரர் என்றொரு பிராணி உண்டு. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பூமியின் தென்பாதியில் செப்டம்பர் வந்து குளிர் விட்டதும் வெளியே வரும். ஜனாதிபதித் தேர்தல் வருஷத்தில் அதற்கு அவ்வளவு கொண்டாட்டம் கிடையாது. அப்போதுதான் ஊரில் எல்லோருமே பேசித் தொலைக்கிறார்களே! அதற்கு நல்ல காலம் இடைக்காலத் தேர்தல்தான். ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு வருஷமாகி, சனங்களுக்கு அவர் மூஞ்சி சலித்துப்போய், பாதி நாடாளுமன்றத்துக்கு மறுபடி ஓட்டுப் போடச் சொல்வார்களே, அப்போது. ஆளும் கட்சி தேறுமா, தேறாதா? இந்த ஒரு கேள்வி போதும். பிராணி சாப்பிட மறந்துவிடும். பேச மட்டும் மறக்காது.

பெர்காமினோ என்கிற ஊரில் சுலேமா அப்படிப்பட்ட ஒன்றோடு முப்பத்தோரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். பெயர் ஓஸ்மார். தொழில் பிரிட்ஜ் ரிப்பேர்.

அடுத்தவன் வீட்டு பிரிட்ஜைத் திறக்கிற உரிமையை ஒரு ஆரூடக்காரனிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஓஸ்மார் கதவைத் திறந்ததும் பழுதைப் பார்க்க மாட்டார், முட்டை வைக்கிற தட்டைத்தான் பார்ப்பார். முட்டை ஆறுக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டு ஓட்டு ஆளும் கட்சிக்கு இல்லை. வெண்ணெய் இருந்தால் இன்னும் முடிவெடுக்காத குடும்பம். பாதி எலுமிச்சம்பழமும் காலாவதியான மயோனைஸும் மட்டும் இருந்தால் புரட்சி! போன தடவை அவர் புரட்சி என்று கணித்த வீட்டம்மா, பாவம், மகள் வீட்டுக்குப் பத்து நாள் போவதற்காக பிரிட்ஜைக் காலி செய்து வைத்திருந்தாள்.

அதோடு விடுவாரா? ரொட்டிக்கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் ஒரு டஜன் இனிப்பு ரொட்டி வாங்குகிறாரா, அரை டஜனா என்று எட்டிப் பார்ப்பார், கசாப்புக் கடையில் விலா எலும்பு கேட்கிறவர்களையும் கொத்துக்கறி கேட்கிறவர்களையும் தனித்தனியாக விரல் மடக்கி எண்ணுவார், டாக்ஸி ஏறினால் ஓட்டுநரின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டே வருவார், இறங்கும்போது, “முடிவு பண்ணிட்டீங்க போல” என்பார். டாக்ஸிக்காரர் என்னத்தை முடிவு பண்ணினார்? சில்லறை இல்லையென்று சொல்ல முடிவு பண்ணியிருந்தார்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு வாயைத் திறந்து ஒரு முடிவு சொல்வாரா? சொல்வார். ரெண்டு முடிவு சொல்வார். அதில்தான் இந்தப் பிராணியின் உயிர் இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லி, “ஆனா ஒண்ணு” என்று மூச்சு வாங்கி, அதற்கு நேர்மாறாக இன்னொன்றையும் சொல்லி, கடைசியில் மேசையைத் தட்டி, “எழுதி வச்சுக்க!” என்று முடிப்பார். யாரும் எழுதி வைத்ததில்லை. அதனால் முப்பத்தோரு வருஷத்தில் ஓஸ்மார் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அந்த வருஷம் தார்தோ எழுதிவிட்டான்.

தார்தோ சுலேமாவின் தம்பி. சோளம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன். தேர்தலுக்கு ரெண்டு ஞாயிறு முன்னால், பின்கட்டில் ஓஸ்மார் கரியடுப்பின் கம்பிமேல் விலா எலும்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது வம்பு ஆரம்பித்தது.

“மச்சான், ஆளும் கட்சி நம்ம ஊர்ல ஜெயிக்குமா, தோக்குமா?”

“தோக்கும். ஆனா ஒண்ணு, தோத்தாலும் அது ஜெயிச்ச மாதிரிதான்.”

“அப்போ ஜெயிக்குதுங்கறியா?”

“ஜெயிக்கும்னு எவன் சொன்னான்? ஜெயிச்சாத்தான்டா மாப்ள அவங்களுக்குத் தோல்வி. எழுதி வச்சுக்க!”

தார்தோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். ரொட்டி சுற்றி வந்த காகிதத்தை மேசைமேல் நீவினான்.

“சொல்லு. எழுதறேன்.”

கொழுப்பு நெருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓஸ்மாருக்கு இடுக்கி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் அப்படி ஒரு அநாகரிகம் செய்ததில்லை.

“ஒரு வரி, மச்சான். முதல் இடமா, இல்லையா. தப்பாப் போச்சுன்னா அடுத்த தேர்தல் வரைக்கும் இந்த இடுக்கி என் கையில.”

விளையாட்டா இது? அந்த ஊரில் ஒரு ஆணுக்கு வீட்டில் மிச்சமிருக்கிற ஆட்சி ஞாயிற்றுக்கிழமைக் கரியடுப்பு ஒன்றுதான். இன்னொருத்தன் இடுக்கியைத் தொட மாட்டான், புகையைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டான், கறி தட்டுக்கு வந்ததும் எல்லோரும் எழுந்து சுட்டவருக்குக் கைதட்ட வேண்டும். அந்தக் கைதட்டலுக்காகத்தான் ஓஸ்மார் வாரம் ஆறு நாள் மற்றவர்களின் பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் உண்மையில் பயந்தது சுலேமாதான். அவளுக்கு எந்தக் கட்சி வந்தாலும் ஒன்றுதான், கவலை கறியைப் பற்றி. தம்பி சுடுகிற கறியை அவள் தின்றிருக்கிறாள்! அவன் மகளின் ஞானஸ்நானத்துக்கு நாற்பது பேருக்குச் சுட்டான். பாதிரியார் ஒரு துண்டை வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பல் போயிருந்தது. அப்படிப்பட்டவன் கையில் ரெண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்!

“ஏய்யா ஓஸ்மார், வேணாம்யா. தெரியலன்னு சொல்லிட்டுப் போயேன்” என்றாள்.

தெரியலையா? ஆரூடக்காரர் வாயில் அந்த வார்த்தை நுழையுமா? பேனாவைப் பிடுங்கினார். ‘ஆளும் கட்சி நம்ம ஊரில் முதல் இடம் வராது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கீழே ‘ஆனால்’ என்று ஆரம்பித்தார். தார்தோ காகிதத்தை இழுத்துக்கொண்டான். வேண்டுமானால் ஓட்டுப்பதிவு முடிகிற ஆறு மணிவரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை மட்டும் கொடுத்தான். சுலேமா காகிதத்தை வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.

அந்த ரெண்டு வாரமும் ஓஸ்மார் தூங்கினாரா? தூங்கினார், ஆனால் தூக்கத்தில் சதவீதம் சொன்னார்.

தேர்தல் ஞாயிறு. சாராயம், ஒயின் எதுவும் விற்கக் கூடாது என்று சட்டம். அதனால் வெள்ளிக்கிழமையே எல்லா வீட்டிலும் ரெட்டிப்பாக வாங்கி வைத்தாயிற்று. ஓஸ்மார் ஒன்பது மணிக்கே ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அவருடைய ஓட்டுப்பதிவு மேசைக்குத் தலைவியாக உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டு நில்டா. அரசாங்கக் கடிதம் வந்தால் போய் உட்கார்ந்துதான் ஆகவேண்டும், அவளும் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உறையைக் கொடுத்து இருட்டறைக்குள் அனுப்பினாள்.

பெயர்தான் இருட்டறை. பாலர் வகுப்பு, ட்யூப்லைட் எரிகிறது, ஜன்னலில் காகிதம் ஒட்டியிருக்கிறது. குட்டிக் குட்டி மேசைகளில் கட்சிவாரியாக ஓட்டுச்சீட்டுக் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். பிடித்த கட்சியின் சீட்டை எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, வெளியே வந்து பெட்டியில் போட வேண்டும். மற்றவர்களுக்கு அது ஓட்டுப் போடுகிற இடம். ஓஸ்மாருக்கு? தங்கச் சுரங்கம்! எந்தக் கட்டு குறைந்திருக்கிறதோ அந்தக் கட்சிக்கு ஓட்டு ஓடுகிறது, அவ்வளவுதானே? மற்ற எல்லாக் கட்டும் செங்கல் உயரம் இருந்தது. ஆளும் கட்சியின் மேசையில் ஐந்தே ஐந்து சீட்டு! குனிந்து பார்த்தார், விரலால் அளந்தார், தரையில் விழுந்திருக்கிறதா என்று குட்டி நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்தார். நில்டா ரெண்டு தடவை கதவைத் தட்டினாள்.

“ஓஸ்மார், உள்ள உசுரோட இருக்கியா?”

வீட்டுக்கு ஓடியே வந்தார். ஐம்பத்தெட்டு வயசுக் கால் அது.

“அலை, சுலேமா! அலை! காலையில ஒன்பது மணிக்குள்ளேயே அவங்க சீட்டு காலி. சனங்க அள்ளிட்டுப் போயிருக்கு. அந்தக் காகிதத்தை எடு!”

மத்தியானம் தார்தோ வந்ததும் மாற்றி எழுதினார்: ‘ஆளும் கட்சி முதல் இடம். அமோகம்.’ பழைய வரியை இரண்டு கோடு போட்டு அடித்தார். தார்தோ மறுக்கவில்லை. கையெழுத்தின்மேல் ஊதி மை காயவைத்தான்.

பாத்திரம் கழுவி முடித்து, மூணு மணிக்குச் சுலேமா ஓட்டுப் போடப் போனாள். அவளுக்கு வேறு மேசை. திரும்பும்போது தாழ்வாரத்தில் நில்டா மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி நில்டா, ஆளும் கட்சி சீட்டு தீந்துபோச்சாமே? அவ்ளோ கூட்டமா?”

“கூட்டமா? நீ வேற! மத்த கட்சிக்காரன் எல்லாம் மணிக்கொரு தடவை புதுக்கட்டு கொண்டாந்து அடுக்கறான். இவங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர ஒரு ஆள் கிடைக்கல. பெட்டியோட வந்த சின்னக் கட்டுதான் கதி. காலையில அஞ்சு இருந்துச்சு. இப்பவும் மூணு இருக்கு.”

சுலேமா அங்கேயே நின்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் பாதிரியாரின் பல் ஞாபகம் வந்தது. வேகமாக வீட்டுக்கு நடந்தாள். மணி நாலேகால். இன்னும் நேரம் இருந்தது.

“ஓஸ்மார், மாத்தி எழுது. அது ஓட்டுப் போட்டுக் கொறஞ்ச கட்டு இல்லய்யா. அடுக்க நாதி இல்லாத கட்டு.”

ஆரூடக்காரர் தன் பெண்டாட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சுலேமா, நில்டா சங்கீத டீச்சர். அவளுக்கு அரசியல் என்ன தெரியும்?”

“எண்ணத் தெரியும்ல?”

“எண்ணிக்கை வேற, கணிப்பு வேற. இதுக்குள்ள ஒரு போக்கு இருக்கு, அடிநீரோட்டம்னு ஒண்ணு இருக்கு…”

அடிநீரோட்டத்தை இருபது நிமிஷம் விளக்கினார். பிறகு மேலோட்டத்தை விளக்கினார். உப்பு டப்பாவை ஆளும் கட்சியாகவும் மிளகு டப்பாவை எதிர்க்கட்சியாகவும் வைத்து நகர்த்தினார். சுலேமா உப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனாள். மணி ஆறு அடித்தது.

எட்டு மணிக்கு நில்டா வந்தாள், தலைமுடி கலைந்து, விரலெல்லாம் மை.

“மூணாவது இடம்” என்றாள். “எங்க மேசையில மட்டும் இல்ல, பள்ளிக்கூடம் முழுக்க. ஊர் முழுக்கவும் அப்படித்தானாம். ஒரு உறை வேற காலியா இருந்துச்சு, எந்தப் புண்ணியவானோ ஒண்ணுமே போடாம ஒட்டியிருக்கான்.”

தார்தோ எழுந்தான். பின்கட்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய இடுக்கியை எடுத்து, ரெண்டு தடவை காற்றில் திறந்து மூடிக் காட்டினான். நிலைக் கதவில் சாய்ந்து நின்ற ஓஸ்மார் முகம் வெளுத்தார், சிவந்தார், பிறகு, நம்புங்கள், மலர்ந்தார்!

“நான் முதல்ல என்ன எழுதினேன்? படி! முதல் இடம் வராதுன்னு. வந்துச்சா? நான் அன்னிக்கே சொன்னேன்!”

“கோடு போட்டு அடிச்சது யாரு மச்சான்?”

“அடிச்சா சொன்னது சொல்லாததாயிடுமாடா?”

அந்த வாரம் முழுக்கச் சண்டை. திங்கட்கிழமை துணி துவைக்கும்போது, ஓஸ்மாரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப்பையில், நாலாக மடித்த ஒரு ஓட்டுச்சீட்டு சுலேமாவுக்குக் கிடைத்தது. உறைக்குள் போயிருக்க வேண்டிய சீட்டு. ஊரில் இருக்கிற எல்லாருடைய ஓட்டையும் எண்ணின மனுஷன் தன்னுடையதைப் போட மறந்திருந்தார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் வரும்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குத் தார்தோ இடுக்கியோடு வந்தான். ஓஸ்மார், “காகிதப்படி இது என் அடுப்பு” என்று வழியை மறித்தார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்கட்டுக்குப் போனார்கள். ஒரே நேரத்தில் நின்றார்கள். கரியடுப்பின்மேல் ஈரத்துணிக் கூடை உட்கார்ந்திருந்தது.

“கறி எங்கக்கா?”

“வாங்கல.”

“வாங்கலையா?”

“இடுக்கி உன்னுதுதான்டா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, தலைமாட்டுல வச்சுப் படு. கசாப்புக் கடைக்கு இத்தனை வருஷமா போறது யாரு? ஓஸ்மாரா, நீயா? எனக்கு இனிமே அடுத்த தேர்தல் வரைக்கும் அந்தப் பக்கம் வேலை இல்ல. இனி ஞாயித்துக்கிழமைன்னா ரவியோலி. மாவு மேசைமேல இருக்கு. நீ உருட்டு, அவரு பாலாடைக்கட்டி வச்சு மடிக்கட்டும். ஓரம் பிரிஞ்சா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.”

உருட்டினார்கள். மடித்தார்கள். ஒன்றிரண்டு பிரிந்தது, சாப்பிடலாம் போலத்தான் இருந்தது. ஓஸ்மார் மூக்கு நுனியில் மாவோடு, இந்த ரவியோலி ஏற்பாடு எத்தனை மாதம் நீடிக்கும் என்று தார்தோவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். தார்தோ பேனா எடுத்தபோதே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களா, இல்லையா? இடுக்கியைக் கடைசியில் சுலேமாவே தன் கையில் எடுத்துக்கொள்வாள், எல்லோரும் எழுந்து அவளுக்குக் கைதட்டுவார்கள் என்றுதானே? புகையில் நின்று கண் எரிய அவளுக்கென்ன தலையெழுத்தா? கணக்குத் தப்பிவிட்டது. பரவாயில்லை. ஆனால் இந்த நிமிஷம் உங்கள் உதடு லேசாக அசைகிறதே, “அவ இப்படி ஏதாவது பண்ணுவான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று, அதை மட்டும் பக்கத்தில் இருக்கிறவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையில் பேனா இருக்கலாம்.